சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகலாமா? காசநோயாளர் குழுக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் சிறு குழுக்கள் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயரே இல்லை. பெயர் எழுதியவர்களும் அதை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஊரை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நெஞ்சக மருத்துவனாக இருந்ததில் பல ஆண்டுகள் இப்படியொரு குழுவின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதில்கள்.

மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. சுகாதாரப் பார்வையாளர் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார். இத்தனை நோயாளிகள் நடுவில் போய் உட்கார்ந்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாதா? (திண்டுக்கல்)

கேட்டுவிட்டீர்கள், நல்லது. கேட்கக் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயில், சரியான மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால், ஏறக்குறைய இரண்டு வாரங்களில் பரப்பும் தன்மை பெரிதும் அடங்கிவிடுகிறது. கழுத்து நெறிக்கட்டியிலோ முதுகெலும்பிலோ மட்டும் வந்திருக்கும் காசநோய் பொதுவாகப் பிறருக்குத் தொற்றுவதில்லை. சிகிச்சையை இப்போதுதான் தொடங்கியவர்களும், மருந்துக்கு அடங்காத வகை என்று சந்தேகிக்கப்படுகிறவர்களும் மட்டும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை போன் வழியாகப் பேசினால் போதும். மற்றவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வரலாம்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் திறக்காத குளிரூட்டிய அறை என்றால் மறுத்துவிடுங்கள். வேப்பமரத்தடி, தாழ்வாரம், பள்ளித் திண்ணை எதுவானாலும் காற்று ஓட வேண்டும். நாங்கள் மழைக்காலத்தில்கூட வராந்தாவை விட்டு உள்ளே போனதில்லை. சாரல் அடித்தால் நாற்காலியை நகர்த்திக்கொள்வோம்.

இந்தப் பயத்துக்குப் பதில் தேடிய பெருமை நம் சென்னைக்கே உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதிப் பேரைச் சானடோரியத்திலும் (காசநோயாளர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) மறுபாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. 1959-இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். அவர்களோடு ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்த உறவினர்களுக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. காசநோயாளியை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கும் வழக்கம் உலகெங்கும் தளர்ந்ததற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

என் வீட்டுக்காரர் கட்டட வேலை செய்கிறார். சிகிச்சையில் மூன்றாம் மாதம். குடித்த அன்று மாத்திரை போடக் கூடாது என்று தானாகவே விட்டுவிடுகிறார். வாரத்தில் நாலு நாள் இப்படித்தான். குழுவுக்கு அனுப்பினால் சரியாகிவிடுவாரா? (ஈரோடு)

அம்மா, குடியை விட்டுவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மாத்திரையை விடாமல் இருக்கக் குழு உதவும். அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவரைப் போலவே நினைக்கும் ஆண்கள் ஏராளம். அவர்கள் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது: இந்த மாத்திரைகளும் மதுவும் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடுதான். அதற்காக மாத்திரையை விடுவது, கிருமியை ஒழுங்காக அடிக்காமல் சீண்டிவிட்டு வருவதற்குச் சமம். மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாக அதுவும் ஒரு வழி. குடிப்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம். குடியிலிருந்து மீளவும் தனியாகச் சிகிச்சை உண்டு.

எங்கள் குழுவுக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்துகொண்டிருந்தார். நான் அவருக்குப் பலமுறை உபதேசம் செய்தும் பலன் இல்லை. இரண்டாம் முறை நோய் வந்து குணமான ஒரு பெரியவர் ஒரு நாள் அவரிடம் கேட்டார்: "தம்பி, நீ மாத்திரை போடுவது எத்தனை மணிக்கு?" இரவு எட்டு மணிக்கு என்றார். "கடைக்குப் போவது?" அதுவும் எட்டு மணிக்கே. பெரியவர் சிரித்தார். "காலையில் பல் விளக்கியதும் போட்டுவிடு. இரவுச் சண்டை மாத்திரைக்கு வேண்டாம்." அவ்வளவுதான். வெறும் வயிற்றில் காலையில் போட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது நான்தான். கடைக்குப் போகும் நேரத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஓட்டுநர் கோர்ஸை முடித்தார். குடியை விட்டாரா என்று கேட்காதீர்கள், அது பிறகு நடந்த வேறு கதை.

குழுவில் ஒருவர் மாத்திரை ஈரலைக் கெடுக்கும், நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறேன் என்கிறார். யாரை நம்புவது? (கும்பகோணம்)

மருந்தின் அளவையும் நாள் கணக்கையும் பற்றிக் குழுவில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், குணமாகிப் பத்து ஆண்டுகள் ஆனவர் சொன்னாலும் சரி. முன்பு வாரம் மூன்று நாள் மருந்து கொடுத்த காலம் இருந்தது. அப்போது சிகிச்சை எடுத்தவர்கள் அந்தக் கணக்கையே சொல்லக்கூடும். இப்போது தினமும்தான்.

அனுபவத்தைக் கேட்க மட்டும் குழு நல்ல இடம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்து இரத்தம் என்று அலறியவர்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவர் "எனக்கும் அப்படித்தான், ரிஃபாம்பிசின் மாத்திரையால் வரும் நிறம்" என்று சொன்னதும் முகம் மாறிவிடும். மூட்டுவலியும் பாதத்தில் எரிச்சலும் மருத்துவமனையில் சொல்ல வேண்டியவை. பாத எரிச்சலுக்குப் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரை கொடுப்பார்கள். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, நிறங்கள் வேறாகத் தெரிந்தாலோ அடுத்த கூட்டம்வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மகளுக்கு 23 வயது. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குழுவில் தெரிந்தவர் யாராவது இருந்து வெளியே சொல்லிவிட்டால்? (பெயரும் ஊரும் வேண்டாம்)

சொல்லிவிடக்கூடும். குழுவில் ரகசியம் காக்கப்படும் என்று எவர் உறுதி கொடுத்தாலும், அது அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் நாக்கைப் பொறுத்தது. எங்கள் குழுவில் முதல் நாளே இதைப் பேசுவோம். படம் எடுக்கத் தடை, வாட்ஸ்அப் குழு கிடையாது. பெயர் சொல்ல விரும்பாதவரைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

உங்கள் மகள் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். அதுவும் வேண்டாம் என்றால் குணமடைந்த ஒரு பெண்ணோடு போனில் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சென்னையில் 1999 முதல் இயங்கும் ரீச் அமைப்பு, நோயிலிருந்து மீண்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் காசநோய் சாம்பியன்களாக அனுப்புகிறது. அரசின் இலவச எண் 1800-11-6666-இலும் ஆலோசனை கேட்கலாம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். குழு வேண்டாம் என்று சொன்னது மகளா, நீங்களா? கடிதத்தில் அவர் குரலே இல்லை.

கூட்டத்துக்குப் போகாவிட்டால் மாதப் பணம் நின்றுவிடுமா? (விருதுநகர்)

நிற்காது. நிக்‌ஷய் போஷண் என்னும் அரசின் ஊட்டச்சத்து உதவித் திட்டத்தில் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நிக்‌ஷய் என்னும் அரசின் காசநோயாளர் பதிவும் வங்கிக் கணக்கும் சரியாக இருந்தால் போதும், தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் உண்டு.

அந்தப் பணம் சாப்பாட்டுக்கே போகட்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான, நோயாளிகளுக்குச் சத்துணவு கொடுத்துப் பார்த்த ரேஷன்ஸ் ஆய்வில், முதல் இரண்டு மாதங்களில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அதனால்தான் எங்கள் கூட்டத்தில் தேநீருக்கு முன்னால் எடைக்கருவி வந்துவிடும்.

எனக்கு மருந்துக்கு அடங்காத காசநோய். தனிக் குழு தேவையா? (சேலம்)

இருந்தால் நல்லது. உங்கள் மாத்திரைகள் வேறு, பக்கவிளைவுகள் வேறு, மனம் சோரும் விதமும் வேறு. பெரு நாட்டின் லிமா நகரில் 1999 முதல் இந்த நோயாளிகளுக்கென்றே செவிலியர் வழிநடத்திய குழுக்கள் நடந்தன. சிகிச்சை பற்றிப் பேசியதோடு நில்லாமல் சுற்றுலா போனார்கள், கொண்டாடினார்கள், குடும்பத்தினரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள்.

சிகிச்சை முடித்து ஓராண்டு ஆகிறது. எங்கள் ஊரில் குழு தொடங்க ஆசை. எப்படி? (அறந்தாங்கி)

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது மாவட்டக் காசநோய் மையத்தில் பேசுங்கள். நோயாளிகளின் பட்டியலைக் கேட்காதீர்கள். விருப்பம் உள்ளவர்கள் உங்களிடம் வரும்படி அவர்கள் சொல்லட்டும். ஆறேழு பேர் வந்தால் போதும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, பேனர் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். பேனரில் 'காசநோய்' என்று எழுதிய அன்றே பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

1905-இல் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியம் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரந்தோறும் கூட்டி 'வகுப்பு' நடத்தினார். குழுவாக அமர்ந்து செய்யும் மனநலச் சிகிச்சைக்கே அதுதான் முன்னோடி என்பார்கள். அவரிடம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார்கள். காய்ச்சல், ஓய்வு, சாப்பாடு எல்லாம் அதில் இருக்கும். நாற்பது பக்க நோட்டு வாங்கி நீங்களும் அதையே செய்யலாம்.

பேச்சை முதலில் நீங்கள் தொடங்காதீர்கள். குணமானவர்களுக்குத் தங்கள் கதையைச் சொல்லும் ஆசை அதிகம். ஆறாம் மாதத்துக் கதை, ஆறாம் வாரத்தில் இருப்பவருக்கு அலுப்பூட்டும். தூக்கம் வந்ததா, சோறு இறங்கியதா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

வந்தவர்களை எண்ணுவதற்கு முன் வராதவர் யார் என்று பாருங்கள். இரண்டாம் மாத முடிவில் இருமல் நின்று, உடம்பு தேறி, "எனக்குச் சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்தான் அநேகமாக அந்தக் காலி நாற்காலிக்காரர். அன்று மாலைக்குள் ஒருவர் அவருக்குப் போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் மறுநாள் காலையில் வீட்டுக்கே போய்விடுங்கள். போகும்போது மாத்திரை பற்றிப் பேச்சை எடுக்காமல், இந்த வழியாக வந்தேன் என்று சொல்லித் திண்ணையில் உட்காருங்கள்.