பொருள்களின் தர விதிகளில் சிறுதொழிலின் குரல் என்றால் என்ன?

ஒரு பொருளுக்குத் தர விதியோ சட்டமோ எழுதும்போது, அதைச் சிறிய அளவில் செய்பவர்களின் நிலையையும் எடுத்துச் சொல்வதுதான் இது. காரணம், சோதனைச் செலவு. வேன் வாடகை மாதிரி: இருபது பேர் ஏறினால் தலைக்குக் கொஞ்சம், ஒருவரே போனால் மொத்தமும் அவர் தலையில்.

2020-இல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையை மத்திய அரசு கட்டாயமாக்கியது. லட்சக்கணக்கில் வார்க்கும் ஆலை சமாளித்துவிடும். வீட்டுத் திண்ணையில் காகிதக்கூழ் பிசைந்து தலையாட்டி பொம்மை செய்பவர்? அந்த டிசம்பரில்தான் பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு (ஓர் ஊருக்கே உரிய பொருள் என்ற சட்டப் பதிவு) பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு வந்தது. தஞ்சாவூர் பொம்மைக்கும் அந்தக் குறியீடு உண்டு. (ஆணை எழுதும்போதே கேட்டிருக்கலாம்!)

இதைத் தரத்தைக் குறைக்கச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஈயம் கலந்த சாயம் யார் பூசினாலும் குழந்தைக்குக் கேடுதான். பேச்செல்லாம் சோதனைக் கட்டணம், அவகாசம் பற்றியது.