மழை வந்தால் கழிவறையில் தண்ணீர் இறங்குவதில்லை!

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் சொந்த வீடு. பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, செப்டிக் டேங்க்தான். மழை பெய்தால் கழிவறைத் தண்ணீர் இறங்குவதில்லை. வாராவாரம் ஆசிட் ஊற்றியும் பயனில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: முதலில் ஆசிட்டை நிறுத்துங்கள், அம்மா. தொட்டிக்குள் கழிவைச் செரிப்பவை பாக்டீரியாக்கள். ஆசிட் அவற்றைக் கொன்றால் கசடு சீக்கிரம் சேரும். மழையில் மட்டும்தான் தொல்லை என்றால் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியைத்தான் சந்தேகிப்பேன். சுற்றிலும் மண் ஊறிவிட்டால் குழி தண்ணீரை வாங்காது. மொட்டைமாடி மழைநீர்க் குழாய் தொட்டியில் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் உடனே பிரித்துவிடுங்கள். நாப்கின், சமையல் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

அப்புறம், 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை ஹனி சக்கர் எனப்படும் கழிவு உறிஞ்சும் லாரி வைத்துக் கசடை எடுங்கள். அடியில் இறுகியிருக்கிறது, ஆளை இறக்கலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றமில்லை என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் சுருண்டு விழுவார். காப்பாற்றக் குதிப்பவரும் பிழைப்பது அரிது. தண்ணீர் பாய்ச்சிக் கசடை இளக்கி, மேலிருந்தே உறிஞ்சச் சொல்லுங்கள்.