சிறு விமான எஞ்சினில் யார் கைவைக்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் கார் மெக்கானிக் ஒருவர் செஸ்னா போன்ற சிறு விமானத்தின் எஞ்சினைப் பழுதுபார்க்கலாமா?

பதில்: சான்றிதழ் பெற்ற விமான மெக்கானிக்கின் நேரடி மேற்பார்வையில் செய்யலாம், ஆனால் விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் கார் மெக்கானிக் கையெழுத்திட முடியாது. எஞ்சின் பிரிவுக்கு மட்டும் 18 மாதமும், விமானத்தின் உடற்பகுதியையும் சேர்த்தால் 30 மாதமும் பணி அனுபவம் பெற்று, அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்று, எழுத்து, வாய்மொழி, செய்முறைத் தேர்வுகள் மூன்றிலும் தேறியவருக்கே அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அமைப்பு அந்தச் சான்றிதழைத் தருகிறது. ஆண்டுப் பரிசோதனையை ஏற்றுக் கையெழுத்திட, அதற்கும் மேலான ஆய்வாளர் அங்கீகாரம் வேண்டும்.

பராமரிப்பில் நான் பெரிதாக மதிப்பது ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் தேடும் வேலையைத்தான். காந்தத்தில் ஒட்டும் துகள் கண்ணில் பட்டால், எஃகுப் பாகம் ஏதோ தேய்கிறது என்று பொருள். அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை அந்த விமானத்தைப் பறக்க விடவே கூடாது.