ஒரு மரபணு மாற்றம்தான் கிடைத்தது என்றால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலிலும் செரிமான உறுப்புகளிலும் சளி கெட்டியாகும் பரம்பரை நோய். ஒரே ஒரு மாற்றத்தைக் காட்டும் ஜீன் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து உங்கள் மகனுக்கு அந்த நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வியர்வைச் சோதனையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் இருந்தாலே இந்த நோய்க்கான அளவு, அவனுக்கு 94. கூடவே விடாத சளி, எண்ணெய்ப் பசையான மலம் என்கிறீர்கள்.

செல்லில் உப்பைக் கடத்தும் புரதத்தை உருவாக்குவது சிஎஃப்டிஆர் மரபணு. அதன், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும். உங்கள் மகனிடம் கிடைத்திருப்பது எஃப்508டெல் என்ற மாற்றம். மரபணுவில் மூன்றே டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டதால் புரதத்தின் 508ஆம் இடத்து அமினோ அமிலம் இல்லை. புரதம் ஒழுங்காக மடியாமல் போக, செல்லே அதை அழித்துவிடுகிறது. உப்பும் நீரும் கடக்க வழியின்றிச் சளி கெட்டியாகிறது.

இரண்டாவது மாற்றத்தைப் பெரும்பாலும் யாரும் தேடியே இருக்க மாட்டார்கள். பல பேனல் சோதனைகள், அதாவது குறிப்பிட்ட சில மாற்றங்களை மட்டும் தேடும் சோதனைகள், ஐரோப்பியர்களிடம் அதிகம் உள்ள மாற்றங்களை வைத்துத் தயாரானவை. இந்தியக் குழந்தைகளிடம் எஃப்508டெல் தவிர வேறு மாற்றங்களும் நிறைய.

1. ரிப்போர்ட்டில் பேனல் என்றிருக்கிறதா, மரபணு முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படிக்கும் முழு வரிசையாக்கமா என்று பாருங்கள். பேனல் என்றால் முழு வரிசையாக்கமும், பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையும் கேளுங்கள்.
2. அப்புறம் நீங்கள் இருவரும் ரத்தம் கொடுங்கள். எது யாரிடமிருந்து வந்தது என்பது தெரியும்.

முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த குழந்தைக்கு முன் இரண்டாவது மாற்றம் தெரிந்தாக வேண்டும். நீங்கள் இருவரும் கடத்திகள், அதாவது நோய் இல்லாமல் ஒரு பழுதான பிரதி மட்டும் உள்ளவர்கள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. மனைவி வீட்டு வழியாக வந்தது என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்துங்கள், ஒருவரிடமிருந்து மட்டும் இந்த நோய் வருவதில்லை.