1841 இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘ஒய்’, ‘எஃப்’, சாய்கோடுகள் எதைக் குறிக்கின்றன?

கணக்கெடுப்புப் பக்கத்தின் கடைசி இரண்டு பத்திகளில்தான் (செங்குத்துக் கட்டங்களில்தான்) பலர் தடுமாறுகிறார்கள். அவற்றில் முதல் பத்தி, அந்த நபர் கணக்கெடுக்கப்பட்ட கவுண்டியிலேயே (மாவட்டம் போன்ற பகுதி) பிறந்தாரா என்பதற்கு: ‘ஒய்’ ஆம், ‘என்’ இல்லை, ‘என்.கே.’ தெரியவில்லை. அடுத்த பத்தியில் ‘எஸ்’ ஸ்காட்லாந்து, ‘ஐ’ அயர்லாந்து, ‘எஃப்’ வெளிநாடு. இந்த ‘எஃப்’பை பிரான்ஸ் என்று படித்துவிட்டு, இல்லாத பிரெஞ்சு மூதாதையரைத் தேடி அலைய வேண்டாம்.

தொழில் பத்தியில் ‘எஃப்.எஸ்.’ வேலைக்காரப் பெண், ‘எம்.எஸ்.’ வேலைக்கார ஆண், ‘அக் லாப்’ விவசாயக் கூலி. ‘இண்ட்’ என்பது இந்தியா அல்ல. சொந்த வருமானத்தில் வாழ்பவர்.

பெயர்களின் ஓரத்தில் ஒற்றைச் சாய்கோடு இருந்தால் ஒரு குடும்பம் முடிகிறது. இரட்டைக் கோடு இருந்தால் அந்த வீடே முடிகிறது. இந்த ஆண்டில் உறவுமுறை எழுதப்படவில்லை என்பதால் ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவரைக் கணவன் மனைவி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம்.

வயதின் மேல் குறுக்கே கிடக்கும் தடித்த கோடுகள் உங்கள் குடும்பத்தைப் பற்றியவை அல்ல. பிற்பாடு அலுவலகத்தில் கூட்டிக் கணக்கிட்ட எழுத்தர்கள் இழுத்தவை அவை. மூலப் பதிவு பென்சிலில் எழுதப்பட்டதால் அடியில் இருக்கும் எண்ணைப் படிப்பது பெரும்பாடு. பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 59 வயதுக்காரர் 55 ஆகியிருப்பார். சிலர் அதைப் பின்பற்றாமல் சரியான வயதையே எழுதியதும் உண்டு.