முள்ளம்பன்றியான சிப்பாய்

கேள்வி: சார், பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய குவேக் 2 கம்ப்யூட்டர் கேம் சிடி கிடைத்தது. பேக் ஃபைலைப் பிரித்து, உள்ளே இருந்த சிப்பாய் மாடலை எடுத்துவிட்டேன். அந்த மாடல் இருக்கும் எம்டி2 வகை ஃபைலைப் படிக்க பைத்தானில் நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திறந்தால் சிப்பாயைக் காணோம். முள்ளம்பன்றி மாதிரி நாலா பக்கமும் முள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபைலுக்கு ஏதாவது பூட்டு போட்டிருக்கிறார்களா?
- கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: பூட்டும் இல்லை, சாவியும் இல்லை தம்பி. பேக் என்பது வெறும் மூட்டை. தலையில் 12 பைட்: முத்திரை, பட்டியல் தொடங்கும் இடம், பட்டியலின் நீளம். பட்டியலில் ஒரு ஃபைலுக்கு 64 பைட், அதில் பெயருக்கு மட்டும் 56. சுருக்கம்கூட கிடையாது. அதனால்தான் அது வரைக்கும் சுலபமாக வந்துவிட்டீர்கள்.

கோளாறு, மாடலின் உருவத்தைத் தரும் புள்ளிகளைப் படிக்கும் இடத்தில். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று தசம எண்கள், அதாவது 12 பைட் என்று வைத்துப் படித்திருப்பீர்கள். முள் வந்தாலே பெரும்பாலும் அதுதான் காரணம். இந்த ஆட்டம் வந்தது 1997-ல். மெமரியை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம். அதனால் ஒரு புள்ளிக்கு 4 பைட்தான் கொடுத்தார்கள். நீளம், அகலம், உயரத்துக்கு ஆளுக்கு ஒரு பைட். நாலாவது பைட், வெளிச்சத்துக்காக 162 திசைகள் கொண்ட ஓர் அட்டவணையில் ஓர் எண்.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதானே அடங்கும்? அதை விரிக்கும் கணக்கு ஒவ்வொரு ஃபிரேமின், அதாவது அசைவின் ஒவ்வொரு நிலையின், தலையிலும் இருக்கிறது: பெருக்க மூன்று எண்கள், கூட்ட மூன்று எண்கள், அப்புறம் 16 பைட்டில் ஃபிரேமின் பெயர். ஆக 40 பைட். புள்ளியின் ஒரு பைட்டில் 200, பெருக்கும் எண் 0.25, கூட்டும் எண் -24 என்றால் விடை 26. சரிபார்க்க ஒரு வழி: 300 புள்ளி உள்ள மாடலில் ஒரு ஃபிரேம் 1,240 பைட் வர வேண்டும். ஃபைலின் தலைப்பிலேயே ஃபிரேம் அளவு எழுதியிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் இதே வேலையில் இறங்கியபோது பெருக்கவே மறந்துவிட்டேன். சாலிகிராமத்தில் மொட்டைமாடி அறை, ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் மானிட்டர், ராத்திரி இரண்டு மணி. மூன்று பக்கமும் 255-க்கு இழுபட்டு, ஆள் குள்ளமாக, சதுரமாக நின்றான். கூட இருந்த நண்பன் எட்டிப் பார்த்து, "என்னடா, அம்மிக்கல்லுக்குக் கை கால் முளைச்சிருக்கு?" என்றான்.

புள்ளிகளை இணைத்து உடம்பை மூடும் முக்கோணங்கள் உள்வெளியாகத் தெரிந்தால் மூன்று புள்ளிகளின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எல்லாம் சரியான பிறகும் சிப்பாய் நடக்கும்போது உடம்பு லேசாக நடுங்கும். அதைத் தேடி ஸ்கிரிப்டைக் குடையாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 256 படிதான் என்பதால் புள்ளிகள் படிக்குப் படி தாவுகின்றன, ஆட்டத்திலேயே அப்படித்தான்.

கேள்வி: அதே மாடலை 3டி பிரிண்ட் எடுத்துக் கல்லூரி விழாவில் விற்கலாமா?
- அதே மாணவர்

பதில்: கூடாது. 2001-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது ஆட்டத்தின் நிரலை மட்டும்தான். மாடல், படம், ஒலி எதுவும் அதில் சேராது. பிரித்துப் பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள். விற்கத்தான் வேண்டுமென்றால் அந்த அம்மிக்கல்லை நீங்களே புதிதாகச் செதுக்கி விற்கலாம், நான் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.