ஐந்து மாதக் கர்ப்பமா? குழந்தையின் பால் பற்கள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கின்றன

"ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு மூன்று பல் சொத்தை. குழந்தை உன் பல்லிலிருந்துதான் கால்சியத்தை உறிஞ்சுகிறது என்கிறார் மாமியார். கால்சியம் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் குழந்தைக்குப் பல் உறுதியாக வருமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் மாமியார் சொன்னது. பல்லில் படிந்த கால்சியத்தைக் குழந்தை எடுப்பதில்லை. பற்றாக்குறை வந்தால் உடல் கைவைப்பது எலும்பில்தான். கர்ப்பத்தில் பல் கெடுவது வாந்தியில் வரும் அமிலத்தால், அடிக்கடி கொறிப்பதால், பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறதென்று அரைகுறையாகத் துலக்குவதால்.

சரி, குழந்தையின் பல். 6வது வாரத்திலேயே ஈறு வரவேண்டிய இடத்தில் ஒரு படலம் தடித்து உள்ளே இறங்குகிறது. 8வது வாரத்தில் அதில் மொட்டுகள் புடைக்கும், பிறகு தொப்பிபோல் குழியும், 11, 12வது வாரத்தில் பார்த்தால் கவிழ்த்த மணி. அந்த மணிக்குள் 'எனாமல் முடிச்சு' என்று ஒரு சின்ன செல் கூட்டம், தான் பெருகாமல் சுற்றியிருப்பவற்றை மட்டும் பெருகத் தூண்டும். அதனால் அந்த இடம் மடிந்து முனையாகும். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளம் இப்படித்தான் வருகிறது. 14வது வாரத்தை ஒட்டி முன்பல் நுனியில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்கும், 20வது வாரத்துக்குள் 20 பால் பற்களிலும் அது தொடங்கிவிடும்.

அதாவது வடிவம் கிட்டத்தட்ட முடிவாகிவிட்ட விஷயம், இரட்டை மாத்திரை அதை மாற்றாது. மருத்துவர் சொன்ன அளவு போதும், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். உண்மையில் கவனம் வேண்டியது டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்தில்: அது கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உருவாகும் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறையாகத் தங்கிவிடும். காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள்.

பிறந்த நாள்கூடப் பல்லில் பதிவாகும் தெரியுமா? பால் பல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எனாமலில் ஒரு கோடு, அதற்கு முன்னே இருப்பது வயிற்றில் உருவானது, பின்னே இருப்பது வெளியே வந்தபின். நிரந்தரப் பல்லில் சுண்ணாம்பு படிவது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குப் பிறகான கதை.

உங்கள் மூன்று சொத்தைக்கு இப்போதே பல் மருத்துவரிடம் போங்கள், நான்கிலிருந்து ஆறாம் மாதம்வரை நாற்காலியில் சாய்ந்து உட்காரவும் வசதி. விட்டுவைத்தால், பிறந்தபின் நீங்கள் ருசி பார்த்த கரண்டியிலேயே ஊட்டும்போது சொத்தையை உண்டாக்கும் கிருமி குழந்தை வாய்க்கும் போகும்.